சிப்பாய் சுமந்தது என்ன?

திருப்பூருக்கு மேற்கே நொய்யல் கரையில் உள்ள மங்கலத்திலிருந்து நேயர் ஒருவர், தாம் எழுதிவரும் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களை நமக்கு அனுப்பி வைத்திருக்கிறார். பகலில் விசைத்தறிக் கூடத்தில் வேலை, இரவில் எழுத்து. கதை அவருடைய பாட்டனாரைப் பற்றியது. அப்பெரியவர் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்தில் கூலியாக இருந்து, 1943-ல் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர். யுத்தம் முடிந்து ஊர் திரும்பி நாற்பது ஆண்டுகள் உயிரோடு இருந்தார். பர்மாக் காட்டில் என்ன கண்டார் என்பதை மனைவியிடம்கூட வாய் திறந்து சொன்னதில்லையாம். வீட்டில் மிஞ்சியிருப்பது நசுங்கிய தகரக் குவளை ஒன்றுதான். "பீரங்கி, ரத்தம், வீரமுழக்கம் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஆனாலும் என் தாத்தா மட்டும் கதைக்குள் வர மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார் அன்பர்.

நேர்மையான கேள்வி. ஆகையால் இந்த வாரம் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டோம். இரண்டு அத்தியாயங்களையும் ஊன்றிப் படித்தோம். முதல் அத்தியாயத்தில் மட்டும் பீரங்கி பதினான்கு தடவை முழங்குகிறது, எண்ணிப் பார்த்தோம். சிப்பாய்கள் "தாங்கொணாத பாரத்தை"ச் சுமக்கிறார்கள். அவர்கள் நெஞ்சம் "சொல்லொணாத வேதனையில்" துடிக்கிறது. அந்தப் பாரம் எத்தனை ராத்தல், தோளின் எந்த இடத்தில் வார் அறுத்தது, இரவில் அதை எங்கே இறக்கி வைத்தார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. அன்பர் வாழும் வட்டாரத்தில் "மிகவும் கனமான துணி" என்று சொல்லி எவரும் பனியன் துணி விற்பதில்லை. வட்டமாக ஒரு துண்டு வெட்டித் தராசில் இட்டு, சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சொன்னால்தான் வியாபாரம். தறிக்கூடத்தில் தினந்தோறும் துணியை விரலால் தொட்டு எடை சொல்லத் தெரிந்த மனிதர், பேனாவை எடுத்ததும் அந்த ஞானத்தை வாசற்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவானேன்?

குற்றம் அவருடையது மாத்திரம் அன்று. யுத்தம் என்றதும் நம்மவர் காதில் ஒலிப்பது கலிங்கத்துப் பரணி. முதற் குலோத்துங்கனின் சேனாதிபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதை ஜயங்கொண்டார் பாடினார். பேய்கள் களத்தில் கூழ் அடுவதை அவர் வர்ணித்ததற்கு இணை வேறில்லை. ஆனால் பரணி வென்றவனுக்குச் செய்த பாட்டு. மூட்டை தூக்கி நடந்தவனின் தோளைப் பார்க்க அதற்கு அவகாசம் கிடையாது. அது அதன் வேலையும் அன்று. பரணியின் ஓசையை மாத்திரம் கடன் வாங்கி நாவல் எழுதப் புகுந்தால் பீரங்கிதான் முழங்கும்.

தோளைப் பார்த்த பாட்டு நம்மிடம் அதற்கும் வெகு முற்பட்டே இருக்கிறது. உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-ல் பத்துப்பாட்டை அச்சிட்டுத் தந்தார்களே, அதில் உள்ள நெடுநல்வாடையைச் சொல்கிறோம். நக்கீரர் பாடியது, 188 அடிகள். பாட்டின் பெரும்பகுதி குளிரையும் அரண்மனையையும் பற்றியது. அரசன் பாசறைக்குப் போய்விட்டான். அரசி கட்டிலில் உறக்கமின்றிக் கிடக்கிறாள். அவள் கட்டிலின் கால்கள் எதனால் ஆனவை? போரில் மடிந்த நாற்பது வயது யானையின் தந்தத்தினால். அவள் உடுத்தியிருப்பது என்ன? பட்டும் பொன்னுமல்ல, மாசேறிய நூலாடை. யுத்தம் என்ற சொல் அந்தப்புரத்தில் ஒலிக்கவேயில்லை. ஆயினும் கட்டிற்காலிலும் சேலை அழுக்கிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது.

பிறகு கடைசி இருபது அடிகளில் புலவர் நம்மைப் பாசறைக்கு அழைத்துச் செல்கிறார். நள்ளிரவு. தூறல். வாடைக் காற்றில் விளக்கின் சுடர்கள் தெற்கு நோக்கிச் சாய்கின்றன. வாள் பட்ட வீரர்களைக் காண அரசன் கூடாரத்தை விட்டு வெளியே வருகிறான். வேப்பந்தழை கட்டிய வேலுடன் படைத்தலைவன் முன்னே நடந்து, புண்பட்டவர்களை ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சேற்றுத் தெருவில் நிற்கும் குதிரைகள் மேலே விழுந்த மழைத்துளியை உதறுகின்றன. அவற்றின் சேணம் இன்னும் களையப்படவில்லை. நாளைக்கும் போர் உண்டு என்று புலவர் சொல்லவில்லை, சேணம் சொல்லிவிடுகிறது. அரசனுடைய மேலாடை தோளிலிருந்து நழுவுகிறது. இடப்பக்கம் அதை அணைத்துப் பிடித்துக்கொள்கிறான். மற்றொரு கை, வாளைத் தோளில் கோத்த இளைஞன் ஒருவனுடைய தோள்மீது கிடக்கிறது.

நழுவும் அந்தத் துணியைக் கொஞ்சம் கவனியுங்கள். வெற்றி வேந்தன் மேலாடையைச் சரிவர உடுத்திக்கொள்ளாமல் மழையில் நடக்கிறான். அவன் மனம் எங்கே இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாக்ஷி வேண்டுமா? புண்பட்டவர்களின் முனகல் ஒன்றுகூடப் பாட்டில் கேட்கவில்லை. அரசன் ஆறுதலாகப் பேசிய வார்த்தையும் இல்லை. முல்லைப்பாட்டிலும் இப்படித்தான்: பாசறையில் உறங்காத அரசனின் நினைவில், அம்பு பட்ட குதிரைகள் புல் தின்னாமல் செவி சாய்த்து நிற்கின்றன. காதின் சாய்விலே வலி தெரிகிறது.

இந்த மறைமுகப் பேச்சு புலவர்களுக்கு மட்டும் உரிய வித்தை என்று எண்ண வேண்டாம். முதல் உலக யுத்தத்தின்போது பிரான்ஸிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிய இந்தியச் சிப்பாய்களுக்குத் தணிக்கை அதிகாரியின் கண் பெரும் இடைஞ்சலாயிருந்தது. ஆகவே சிலர் கருமிளகு, செம்மிளகு என்று பலசரக்குக் கணக்குப் போல எழுதினார்கள். கருமிளகு என்றால் நம்மவர், செம்மிளகு வெள்ளையர். கருமிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்று ஊரில் படித்துக் காட்டினால் அர்த்தம் விளங்க வேண்டியவர்களுக்கு விளங்கும். சாவை நேரே சொல்ல முடியாத இடத்தில் மளிகைச் சாமான் அதைச் சுமந்து சென்றது.

அதே யுத்தத்தைப் பற்றி, அது நடந்துகொண்டிருந்த 1915-ஆம் ஆண்டிலேயே, 'ஸரஸ்வதி' என்ற ஹிந்தி மாதப் பத்திரிகையில் ஒரு சிறுகதை வெளிவந்தது. "உஸ்னே கஹா தா" என்பது தலைப்பு; "அவள் சொல்லியிருந்தாள்" என்று பொருள் கொள்ளலாம். ஆசிரியர் சந்திரதர சர்மா குலேரி. அவர் யுத்தகளத்தில் நின்றவர் அல்லர். அஜ்மீரில் சமஸ்கிருதம் போதித்த பண்டிதர். எழுதிய கதைகளும் இரண்டு மூன்றுதான். போருக்குப் போகாதவன் போரைப் பற்றி எழுதலாமா என்று தயங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து நமக்குத் தெரியவில்லை.

லஹனா ஸிங் என்ற ஜமேதார் பிரான்ஸில் பதுங்கு குழியில் இருக்கிறான். எலும்பை உருக்கும் குளிர். அதே படையில் ஸுபேதாரின் மகன் போதா ஸிங் ஜுரத்தில் கிடக்கிறான். மூன்று காலி பிஸ்கட் தகரப் பெட்டிகள்மேல் தன் இரு கம்பளிகளையும் விரித்து, லஹனாவின் இரு கம்பளிகளையும் ஒரு பெரிய கோட்டையும் மேலே போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறான். அப்படியும் பையனுக்கு நடுக்கம் தீரவில்லை. "என் ஜெர்ஸியைப் போட்டுக்கொள்" என்கிறான் லஹனா. உனக்கு என்ன செய்வாய் என்று பையன் கேட்கிறான். எனக்குக் கணப்பு இருக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது என்று முதலில் ஒரு சமாதானம். அது எடுபடாமற்போகவே, சீமையில் துரைசானிமார் பின்னிப் பின்னி அனுப்புகிறார்களே, அதில் ஒன்று இன்று காலைதான் எனக்கு வந்தது என்று வேறொரு கதை. பலவந்தமாகப் பையனுக்கு மாட்டிவிட்டு, காக்கிக் கோட்டோடும் பருத்திச் சட்டையோடும் காவலுக்கு வந்து நிற்கிறான். இரண்டாவது ஜெர்ஸி என்று ஒன்று இல்லவே இல்லை என்பதைக் கதாசிரியர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்.

பனியன் ஊர்க்காரர்களுக்கு ஜெர்ஸியைப் பற்றி நாம் விளக்க வேண்டியதில்லை. பின்னலாடை, கையில் எடுத்தால் சிறு எடை. கதையில் அது எவ்வளவு கனக்கிறது என்பது போகப் போகத்தான் தெரியும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அமிர்தசரஸ் கடைத்தெருவில் பன்னிரண்டு வயது லஹனா எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சந்திக்கிறான். உனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டதா என்று விளையாட்டாக ஒவ்வொரு முறையும் கேட்கிறான். ஒரு நாள், ஆகிவிட்டது, இந்தப் பட்டு வேலை செய்த துப்பட்டாவைப் பார்க்கவில்லையா என்கிறாள் அவள். பிறகு பல ஆண்டுகள் கழித்து அவளே ஸுபேதாரின் மனைவி என்று தெரிய வருகிறது. முந்தானையை ஏந்தி நின்று, என் கணவனையும் மகனையும் காப்பாற்று என்று பிச்சை கேட்கிறாள். ஜெர்ஸி கைமாறியது அந்த வாக்குக்காகத்தான்.

சண்டையில் லஹனாவுக்கு இரண்டு காயங்கள். தொடைக் காயம் எல்லாருக்கும் தெரியும். விலாவில் பட்டதை அவன் எவருக்கும் சொல்லவில்லை. குழியின் ஈர மண்ணை அள்ளி அதில் அடைத்து, தலைப்பாகைத் துணியை இடுப்பில் இறுகச் சுற்றிக்கொள்கிறான். தகப்பனையும் மகனையும் வண்டியேற்றி அனுப்பிய பிறகுதான் சாகிறான். துப்பட்டா, முந்தானை, ஜெர்ஸி, தலைப்பாகை: நான்கு துணிகளில் ஒரு மனிதனுடைய ஆயுள் முழுவதையும் குலேரி மடித்து வைத்துவிட்டார். முடிவில் வருவது பத்திரிகைச் செய்தி. பிரான்ஸ், பெல்ஜியம் களங்களில் மாண்டவர் பட்டியலின் ஒரு வரி. படையின் பெயர், பதவி, ஆள் பெயர், காயங்களால் இறந்தான் என்ற தகவல். அவ்வளவே. ஸர்க்காருக்குத் தெரிந்தது அந்த ஒரு வரி. நமக்குத் தெரிந்தது எவ்வளவு என்பதை அந்த வரியைப் படிக்கும்போதுதான் உணருகிறோம்.

அமெரிக்கரான டிம் ஓப்ரையன் இதே காரியத்தை வேறு வழியில் சாதித்தார். அவர் 1969-70-ல் வியட்நாமில் சிப்பாயாக இருந்தவர். "அவர்கள் சுமந்த பொருள்கள்" என்று நாம் சொல்லக்கூடிய அவருடைய நூல் 1990-ல் வெளிவந்தது. அதன் முதற் கதை ஏறக்குறைய ஒரு சாமான் பட்டியல். இரும்புத் தொப்பி 5 ராத்தல். வானொலிக் கருவி மின்கலத்தோடு 26 ராத்தல். பெரிய இயந்திரத் துப்பாக்கி, குண்டு போடாமலே 23 ராத்தல். அவர்களுக்குத் தலைவனான லெப்டினன்ட் கிராஸ், தன்னைக் காதலிக்காத ஒரு பெண்ணின் கடிதங்களை வைத்திருக்கிறான். எடை 10 அவுன்ஸ். இரண்டு ராத்தலுக்குச் சற்றுக் குறைவான மழைப்போர்வை ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அது எவ்வளவு உபயோகமான பொருள் என்று விளக்கிக்கொண்டே வந்து, அதே மூச்சில், லாவண்டர் என்ற சிப்பாய் சுடப்பட்டபோது அவனை அதில்தான் சுற்றித் தூக்கினார்கள் என்று சொல்லிவிடுகிறார். குரலை உயர்த்தவேயில்லை. கிராஸோ அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டிருந்த வேளையில் தன் ஆள் செத்தான் என்று தன்னையே நொந்து, கடிதங்களை எரிக்கிறான். 10 அவுன்ஸ் எரிந்தது; எது எரியவில்லை என்பதைக் கணக்கில் வந்த எண்களே நம்மை யோசிக்க வைக்கின்றன.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பட்டியல் போடுவது சுலபம். பத்துச் சாமானும் பத்து எடையும் எழுதிவிட்டு, பதினோராவதாகத் "துயரம்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டால் கதையாகிவிடும் என்று நினைப்பவர்கள் பெருகிவிட்டார்கள். எடை தெரிந்த பொருளுக்கும் எடை தெரியாத பொருளுக்கும் நடுவே ஒரு சம்பவம் வேண்டும். சுற்றித் தூக்கிய அந்தக் கைகள் இல்லாவிட்டால் மழைப்போர்வை வெறும் மழைப்போர்வைதான். இந்த விஷயத்தில் நமக்குக் குலேரியின் ஜெர்ஸிமேல் பக்ஷபாதம் சற்று அதிகம். அதற்கு எண் தேவைப்படவில்லை.

இனி மங்கலத்துப் பெரியவர் சேர்ந்த படைக்கு வருவோம். இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவின் தோட்டத் தமிழர்கள் திரளாகச் சேர்ந்தார்கள். கேப்டன் லக்ஷ்மியின் தலைமையில் அமைந்த ஜான்ஸி ராணிப் படையில் தோட்டத்துப் பெண்கள் பலர் இருந்தார்கள். 1944-ல் இம்பால் வரை சென்ற அந்தப் படையைப் பற்றி நம்மிடம் மேடைப் பேச்சுகளும் நினைவு மலர்களும் இருக்கும் அளவுக்கு நாவல்கள் இல்லை. இருப்பவற்றில் தலையாயவை ப. சிங்காரம் எழுதிய இரண்டு. இளவயதிலேயே தென்கிழக்காசியாவுக்குப் பிழைக்கப் போய், யுத்த காலத்தை அங்கேயே கழித்தவர் அவர். 1972-ல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி' இன்று பலரும் அறிந்தது. 1959-ல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' என்ற சிறிய நாவலையே நாம் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அதன் கதாநாயகன் செல்லையா, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்துவிட்டுப் பினாங்குக்குத் திரும்பியவன். யுத்தத்துக்கு முன் வட்டிக்கடையில் வேலை பார்த்தவன். மறுபடியும் அதே கடைக்குத்தான் வருகிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளையின் மகள் மரகதத்தின்மேல் அவனுக்கு அன்பு, அவளுக்கும் அப்படியே. ஆனால் துப்பாக்கி பிடித்தவன் கைக்கு இனித் தராசும் பேரேடும் படியா என்பது முதலாளியின் தீர்மானம். வீரத்துக்காக அவனை மெச்சவும் செய்யலாம், மகளைக் கொடுக்க மாட்டார். அவர் கொடியவரும் அல்லர்; தொழில் தெரிந்தவர், தம் கணக்கு அவருக்குச் சரி. இங்கேதான் சிங்காரத்தின் நுட்பம் இருக்கிறது. காட்டில் அணிவகுத்துப் படை நடத்தியவன் கடைக்குள் அடக்கமாக நிற்கும் அந்த நிற்பிலேயே யுத்தம் அவனுக்கு என்ன செய்தது என்பது தெரிகிறது. காயம் எங்கே என்று ஆசிரியர் விரல் வைத்துக் காட்டவில்லை. முதுகுச் சுமையை இறக்கிய பின்னும் முதுகு நிமிராத ஒரு மனிதனை அவர் வரவு செலவுப் பேச்சுக்கு நடுவே நிறுத்திவிட்டார்.

அன்பரின் பாட்டனார் பேசாமலிருந்ததையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நாற்பது ஆண்டு மௌனத்தை உடைத்து நாவலில் அவரை வீர வசனம் பேச வைத்திருக்கிறார் பேரன். இரண்டாவது அத்தியாயத்தில் அவர் காட்டுக்கு நடுவே ஒன்றரைப் பக்கம் பிரசங்கம் செய்கிறார். அதை எடுத்துவிட வேண்டும் என்பது நமது யோசனை. பேசாதவரைப் பேசாதவராகவே விடட்டும். குவளை இருக்கிறதே! அதைத் தராசில் வைத்துப் பார்க்கட்டும். எங்கே நசுங்கியிருக்கிறது, யார் வாய் வைத்துக் குடித்தது, ஊர் திரும்பிய பின் அவர் அதில் தண்ணீர் குடித்தாரா, அல்லது எவரையும் தொட விடாமல் பரண்மேல் வைத்தாரா? இதற்கு விடை தெரிந்தவர்கள் வீட்டில் இன்னும் இருக்கக்கூடும்.

நம் காலத்தில் நம் மொழியிலேயே நேர்ந்த யுத்தத்தையும் மறந்துவிட முடியாது. ஈழத்தில் 2009-ல் முடிந்த போரைப் பற்றி, அதற்குள் இருந்தவர்களே எழுதினார்கள். இயக்கத்தை விட்டு வந்த கோவிந்தன் 1985-லேயே 'புதியதோர் உலகம்' எழுதிவிட்டார். ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001-ல் வந்தது. பிரான்ஸில் தஞ்சம் கோரும் ஒருவனுடைய அகதி விண்ணப்பமாக அந்நாவல் ஆரம்பமாகிறது. பத்திகளுக்கு எண் போட்டு, அதிகாரிக்குப் புரியும்படி, பணிவாக. அடிபட்டதும் சிறைப்பட்டதும் மனு நடையில் வருகின்றன. லஹனா ஸிங்கின் சாவைப் பட்டியலில் ஒரு வரியாக ஸர்க்கார் எழுதிற்று; இங்கே சிப்பாயாக இருந்தவனே தன் வேதனையை ஸர்க்கார் பாஷையில் எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது, நம்பினால்தான் இருக்க இடம் கிடைக்கும் என்பதற்காக. சிரிப்பும் வருகிறது, சிரித்ததற்காகக் கொஞ்சம் கூச்சமும் வருகிறது.

ஒரு பாட்டை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தோம். புறநானூற்றில் 281-ஆவது, அரிசில் கிழார் பாடியது. பேசுகிறவள் வீட்டில் இருக்கும் பெண். தன் தோழியை அழைக்கிறாள். வீட்டு இறவாணத்தில் இரவமரத் தழையையும் வேப்பந்தழையையும் செருகுவோம், யாழ் வாசிப்போம், மை இடுவோம், வெண்கடுகு தூவுவோம், குழல் ஊதுவோம், மணி அடிப்போம், காஞ்சிப் பண் பாடுவோம், வீடெங்கும் நறும்புகை எழுப்புவோம் என்கிறாள். எல்லாம் எதற்கு? அரசனுக்கு வந்த இடுக்கணைத் தன்மேல் தாங்கியவனுடைய புண்ணைக் காப்பதற்கு. அவன் உள்ளே எங்கோ படுத்திருக்கிறான். பாட்டில் அவன் முகம் இல்லை, குரல் இல்லை. பெண்கள் இருவரும் செய்யப்போகும் வேலைகள் மட்டுமே இருக்கின்றன. அவை ஒவ்வொன்றாக நீள நீள, புண் எவ்வளவு ஆழம் என்பது நமக்குத் தெரிகிறது.

மங்கலத்து வீட்டிலும் ஒரு பாட்டியார் இருந்திருப்பார். யுத்தத்திலிருந்து வந்த மனிதர் இரவில் திடுக்கிட்டு எழுந்தபோது விளக்கை ஏற்றியவர், எதுவும் கேட்காமல் தண்ணீர் மொண்டு கொடுத்தவர் அவராகத்தான் இருக்க வேண்டும். இரண்டாவது அத்தியாயத்தை அந்த விளக்கிலிருந்து ஆரம்பித்துப் பார்க்குமாறு அன்பருக்கு எழுதியிருக்கிறோம்.